மல்ட்டி ஃபேக்டர் லாகின்: தமிழில் என்ன போடலாமுங்க?

கோவை, கணினிப் பிரிவு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் மட்டும் போதாது. செல்போன் செயலி காட்டும் ஆறிலக்க எண்ணையும் கொடுத்தால்தான் திறக்கும். தமிழ் அறிவிப்பு வெள்ளிக்கிழமை போயாகணும். 'பல்காரணி அங்கீகாரம்' என்று எழுதிக் காட்டினேன். விடுதிக் காப்பாளர் படித்துவிட்டு, கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் குழுவின் பேச்சென்று நினைத்து, "நாக் குழு எப்ப வருதுங்க?" என்கிறார்.

ஈரோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
காரணி கணக்குப் பாடத்திலேயே இருக்கட்டும். கடவுச்சொல்லில் வரும் கடவு எது? இட்டேறியிலிருந்து, அதாவது இரண்டு வேலிக்கு நடுவே போகும் பாதையிலிருந்து, காட்டுக்குள் நுழைய வேலியில் வழி விட்டிருப்போமே, அதுதான். இரண்டு கடவு தாண்டுவதால் 'இருகடவு நுழைவு'. கட என்பதே வினையடி. கடப்பு, கடவை, கடல், கடவுள் எல்லாமே இதன் கிளைகள். கடலை மட்டும் சிலர் ஒப்புவதில்லை, அதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.

திருப்பூர், நிரலர்:
ஐயா, கடவுள் வரைக்கும் போக வேண்டாமுங்க. இங்கே எண்ணிக்கை பெரிசில்லை. கடவுச்சொல்லோடு 'முதலில் படித்த பள்ளி எது' என்றும் கேட்டால் கடவு இரண்டுதான். ஆனால் இரண்டுமே மனசில் இருப்பவை. போலிப் பக்கம் ஒன்றில் ஏமாந்தால் இரண்டும் ஒருசேரப் போயிடும். அறிந்தது, கையில் இருப்பது, உடம்போடு இருப்பது என மூன்று வகை. அதில் வேறு வேறு வகை சேர்ந்தால்தான் கணக்கு. 'இருபடிச் சரிபார்ப்பு' என்பதிலும் இது வராது. இருபடி என்றாலே பையன்கள் சமன்பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஈரோடு:
வகைதான் வேணும்னா கம்பரிடம் போங்க. நாட விட்ட படலத்தில் இராமன் அனுமனிடம் தனக்கும் சீதைக்கும் மட்டுமே தெரிந்த செய்திகளைச் சொல்கிறான், மோதிரத்தையும் கொடுக்கிறான். அறிந்தது ஒன்று, கைப்பொருள் ஒன்று. இரண்டும் சான்று. ஆகவே 'பல்சான்று நுழைவு'. பல்கலை போலவே பல்சான்று. விதி நன்னூலில் இருக்கிறது. நன்னூலார் நம்ம சீனாபுரத்தார் வேற.

கோபி, கல்லூரி ஆசிரியை:
சீனாபுரமா, மைசூர்ப் பக்கமா என்கிற வழக்கு இன்னும் முடியலீங்க. பல்சான்று என்றதும் புறநானூற்றுப் 'பல்சான்றீரே' காதில் விழுகிறது. அது நரை முதிர்ந்தவர்களைக் கூப்பிடும் பாட்டு, பதினெட்டு வயசுப் பிள்ளைகளை அல்ல. பேசாம 'ஓடிபி நுழைவு' என்று போடுங்க. 2009-இல் இணைய அட்டைப் பரிமாற்றத்துக்கு ரிசர்வ் வங்கி கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிய பிறகு, சந்தைக்கடை வரைக்கும் புழங்குகிற சொல். புதியன புகுதலும் வழுவல என்றதும் அதே நன்னூலார்தானுங்களே.

திருப்பூர்:
அம்மிணி சொல்வதில் ஒரு சிக்கல். ஓடிபி என்றால் குறுஞ்செய்தி வரும் என்று காத்திருப்பார்கள். வால்பாறைப் பக்கம் டவர் இல்லாத எஸ்டேட்டிலிருந்து வரும் பிள்ளை லீவுக்குப் போனால் மின்னஞ்சலே திறக்க முடியாது என்று பயந்துக்கும். உண்மையில் செயலிக்குச் சிக்னலே வேண்டாம். முதல் நாள் பதிந்த ரகசியத்தையும் போன் கடிகாரத்தையும் வைத்து அதுவே கணக்குப் போட்டு, வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு எண் காட்டும். கடிகாரம் தப்பாக ஓடினால்தான் தகராறு. குறுஞ்செய்தியோ, சிம்மை ஏமாற்றி மாற்றிக்கொண்டவன் கைக்குப் போகும்.

பொள்ளாச்சி:
சொல்லு கெடக்கட்டுமுங்க. போன் தொலைந்தால் என்ன பண்றது?

கோவை:
பதியும்போதே மீட்பு எண்கள் தருவோமுங்க. அச்செடுத்து வைத்துக்கொள்ளணும், அதே போனில் படம் பிடித்து வைக்கக் கூடாது. இதையும் அறிவிப்பில் சேர்க்கிறேன்.

நாளைக்கு வெள்ளி. 'இரட்டைச் சரிபார்ப்பு' என்று தலைப்பு, கீழே 'கடவுச்சொல் + செயலி எண், சிக்னல் தேவையில்லை' என்று ஒரு வரி. தனி மடலில் பலரும் சரி என்றுவிட்டார்கள். அனுப்பிவிடுகிறேனுங்க.

ஈரோடு:
அனுப்புங்க தம்பி, தடுக்கல. ஆனா இரட்டைக்கிளவியில் வருவது என்ன? ஒரே சொல் இரண்டு தடவை. வகை வேறாக இருக்கணும் என்று இத்தனை மடல் எழுதிவிட்டு, ஒரே மாதிரி இரண்டைக் குறிக்கும் சொல்லையா பிடிப்பீங்க? பட்டியலில் பல்சான்றை அடிக்காம வையுங்க. கடலைப் பற்றிய மடல் ஞாயிற்றுக்கிழமை வரும்.