அகில இந்திய பாப்டிஸ்ட் மாநாட்டுக்கு முதல் தடவையா பிரதிநிதியா போறோம், என்னென்ன தயார் பண்ணணும்?

குத்தாலம் தம்பி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க சபை மயிலாடுதுறை பக்கம். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த அங்கத்தினர் அறுபத்துச் சொச்சம் பேர்தான். அக்டோபர் கடைசி வாரம் ஐதராபாத்தில் நாலு நாள் நடக்கிற நம்ம ஐக்கியத்தோட (பாப்டிஸ்ட் சபைகள் சேர்ந்த கூட்டமைப்பு) அகில இந்திய மாநாட்டுக்கு என்னையும் ஒரு சிஸ்டரையும் அனுப்பலாம்னு கமிட்டியில பேச்சு. ரெண்டு பேருக்கும் இது புதுசு, பாஸ்டரும் இப்பதான் புதுசா வந்திருக்கார்.

என்னென்ன பேப்பர் வேணும்? அங்க ஓட்டு, தீர்மானம் எல்லாம் எப்படி நடக்கும்? என் சம்பந்தி வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அவங்க சினாட், அதாவது தலைமைச் சங்கம், முடிவு பண்ணினா எல்லாச் சபைக்கும் அதுதான் சட்டம்ங்கிறார் சம்பந்தி, நமக்கும் அப்படித்தானா? எனக்குத் தமிழ் தவிர அரைகுறை இங்கிலீஷ்தான். குறுவை அறுத்துட்டு தாளடி நடவு ஓடுற நேரம் வேற. மூணாம் நாள் சாயந்திரமே கிளம்பிட்டா தப்பா?

அரசலாறு:

தம்பி, கமிட்டிப் பேச்சோட நிக்காதீங்க. சபைக் கூட்டம் கூட்டி, அங்கத்தினர் முன்னால தீர்மானம் போட்டு, மினிட்ஸ் புத்தகத்தில ஏத்துங்க. பாப்டிஸ்ட் சபையில பிரதிநிதியை அனுப்புறது சபை, கமிட்டி இல்ல. யாராவது ஆட்சேபணை கிளப்பினா முதல்ல கேக்குறதே அந்தத் தீர்மானத்தைத்தான்.

அப்புறம் அறிமுகக் கடிதம். சபையோட லெட்டர்பேடுல, சபைக் கூட்டம் நடந்த தேதி, தீர்மான எண், ரெண்டு பிரதிநிதிகள் பேரு, ஒரு மாற்றுப் பிரதிநிதி பேரு, பாஸ்டர் கையெழுத்து, செயலர் கையெழுத்து, சீல். மூணு நகல் எடுங்க. ஒண்ணு பதிவு மேசைக்கு, ஒண்ணு கையில, ஒண்ணு சபை ஃபைல்ல.

பேருல கவனம். நம்ம ஊர் இனிஷியல் வெளிமாநிலத்தில பெரிய தொல்லை. கடிதத்தில 'சா. தேவதாசன்'னு இருக்கும், ஆன்லைன் படிவம் குடும்பப் பேரு கேக்குதேன்னு 'தேவதாசன் சாமுவேல்'னு போட்டிருப்பாங்க, ஆதார்ல மூணாவது மாதிரி இருக்கும். மேசையில இருக்கிறவர் லிஸ்ட்ல S எழுத்துலயும் தேடி D எழுத்துலயும் தேடி உங்களை ஓரமா நிக்கச் சொல்லிடுவார். ஆதார்ல எப்படியோ அப்படியே எல்லா இடத்திலயும் போடுங்க.

அதைவிடப் பெருசு ஆண்டுச் சந்தா. சந்தா பாக்கி இருக்கிற சபையோட ஆளு உள்ள போகலாம், உக்காரலாம், ஓட்டுப் போட முடியாது. பார்வையாளர் பேட்ஜ்தான் கிடைக்கும். இதுல நடக்கிற கூத்து என்னன்னா, பொருளாளர் தன் சொந்தப் போன்லேருந்து பணம் அனுப்பிடுவார், குறிப்புல சபைப் பேரு போட மாட்டார். தலைமை அலுவலகத்தில யாரு கட்டினதுன்னு தெரியாம சஸ்பென்ஸ் கணக்குல கிடக்கும். இப்பவே ரசீது வந்திருக்கான்னு பாருங்க. வரலைன்னா யு.டி.ஆர். எண்ணோட (பணம் அனுப்பினதுக்கு பேங்க்ல வர்ற அடையாள எண்) மெயில் போடுங்க. போகும்போது பேங்க் ஸ்டேட்மெண்ட்ல அந்தப் பக்கத்தையும் எடுத்துட்டுப் போங்க.

ரயில்: முன்பதிவு 60 நாள் முன்னாடி, காலை 8 மணிக்குத் திறக்கும். தீபாவளி ஒட்டி வர்ற நாள்னா அன்னைக்கே போட்டுடணும். தட்கல்னா முந்தின நாள் ஏ.சி.க்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லைன்னா இப்ப ஆன்லைன்ல தட்கல் எடுக்க முடியாது, அதையும் முடிச்சு வைங்க. ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ்ல ஏறினா விடியக்காலை எழும்பூர், அங்கேருந்து மெட்ரோவில அடுத்த ஸ்டேஷனே சென்ட்ரல். ரெண்டு வண்டிக்கும் நடுவில குறைஞ்சது மூணு மணி நேரம் விடுங்க. வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். கூடூர், நெல்லூர் பக்கம் தண்டவாளத்தில தண்ணி ஏறினா அந்த வழி வண்டி பூரா தடுமாறும். மாநாடு தொடங்குறதுக்கு முந்தின நாளே போய் இறங்குற மாதிரி பாருங்க.

கல்லணை வாசகர்:

சம்பந்தி சொல்வது அவர்கள் சபைக்குச் சரி. சி.எஸ்.ஐ. 1947-இல் பேராயர்கள், பேராயங்கள், சினாட் என்ற கட்டமைப்போடுதான் உருவானது. நம் டெல்டாவில் தரங்கம்பாடி வழி வந்த லுத்தரன் சபைக்கும் பேராயரும் தலைமைச் சங்கமும் உண்டு. அவர்களைப் பார்த்தே பழகியதால் மாநாடு என்றாலே மேலிடம் என்று நினைத்துவிடுகிறோம். பாப்டிஸ்ட் முறையில் உள்ளூர்ச் சபைதான் முழு அதிகாரமுள்ள சபை. மாநாடு தன் பணம், தன் நிறுவனங்கள், தன் ஊழியர்கள், யாரை ஐக்கியத்தில் வைத்துக்கொள்வது ஆகியவற்றில் முடிவெடுக்கலாம். உங்கள் பாஸ்டரை மாற்றவோ உங்கள் காணிக்கையில் கை வைக்கவோ முடியாது.

நடைமுறையில் ஒரு விதிவிலக்கு உண்டு. சபைக் கட்டடத்தின் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். மிஷன் காலத்துச் சொத்துகள் பல, ஐக்கியத்தின் டிரஸ்ட் பேரில் கிடக்கின்றன. அப்படியிருந்தால் சொத்து சம்பந்தமான தீர்மானம் எதுவும் உங்களை நேரடியாகத் தொடும். கிளம்பும் முன் வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இனி கூட்ட நடைமுறை. பல பாப்டிஸ்ட் மாநாடுகள் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1876-இல் வெளியிட்ட கூட்ட விதிகளையோ, அவற்றின் சுருக்கத்தையோதான் பின்பற்றுகின்றன. (1863-இல் நியூ பெட்ஃபோர்டில் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் கூட்டம் நடத்தத் தெரியாமல் அவர் திணறியதுதான் அந்தப் புத்தகத்துக்கே தொடக்கம். நம்மாட்கள் கூட்டத்தில் போட்ட சத்தம் உலகத்துக்கே பயன்பட்டிருக்கிறது.)

எப்படி நடக்கும் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். "ஊழியர் ஓய்வூதிய நிதிக்கு ஒவ்வொரு சபையும் மாதம் 500 ரூபாய் தரப் பரிந்துரைக்கிறோம்" என்று ஒருவர் முன்மொழிகிறார். இன்னொருவர் வழிமொழிந்த பிறகுதான் அது விவாதத்துக்கு வரும். உங்களுக்கு 500 அதிகம் என்றால், எதிர்த்துப் பேசிக்கொண்டே இருக்காமல் "500 என்பதை 300 என்று திருத்த வேண்டும்" என்று திருத்தம் கொடுங்கள். அதற்கும் ஒருவர் வழிமொழிய வேண்டும். முதல் ஓட்டு திருத்தத்துக்கு மட்டும். அது தேறினால், 300 என்று மாறிய தீர்மானத்துக்கு இரண்டாவது ஓட்டு. புதியவர்கள் தவறுவது இங்கேதான். திருத்தம் தேறியதும் வேலை முடிந்தது என்று டீக்கடைக்குப் போய்விடுவார்கள், இரண்டாவது ஓட்டில் தீர்மானமே விழுந்துவிடும்.

"விவாதத்தை நிறுத்தி ஓட்டுக்கு விடுங்கள்" என்று யாராவது கேட்டால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், நாற்காலியில் இருப்பவர் (கூட்டத் தலைவர்) தானாக நிறுத்த முடியாது. சாதாரணத் தீர்மானத்தில் இரு பக்கமும் சமமானால் தீர்மானம் தோற்றது. ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருப்பவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். விதி மீறல் என்று பட்டால் மட்டும், இன்னொருவர் பேசும்போதே எழுந்து "ஒழுங்குப் பிரச்சினை" என்று சொல்லலாம். அதற்கு வழிமொழிபவர் தேவையில்லை.

அமைப்பின் சொந்தச் சட்டத்தையே திருத்துவது வேறு கணக்கு. அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் மாநாட்டில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால்தான் சட்டம் மாறும். பெண் போதகர்கள் உள்ள சபைகளைப் பற்றிய திருத்தம் 2023-இல் நியூ ஆர்லியன்ஸில் தேறியது. 2024-இல் இண்டியானாபொலிஸில் 61 விழுக்காடு பெற்றும் தோற்றது. இங்கே 1860-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் உள்ள அமைப்பு தன் நோக்கத்தையே மாற்ற வேண்டுமென்றால், 12-ஆம் பிரிவுப்படி 10 நாள் முன்னறிவிப்பு, ஐந்தில் மூன்று பங்கு ஓட்டு, ஒரு மாத இடைவெளியில் மறுபடியும் ஒரு சிறப்புக் கூட்டம் ஆகியவை வேண்டும். மாநிலச் சட்டங்கள் வேறுபடும், ஆகவே உங்கள் ஐக்கியம் எந்தச் சட்டத்தில், எந்த மாநிலத்தில் பதிவானது என்று விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் பாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

சபைக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே படித்து, எதற்கு ஆம், எதற்கு இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

நாகை டீச்சர்:

கல்லணை ஐயா சொன்ன கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. சபையின் கருத்தைக் கேட்டுப் போகலாம், கையைக் கட்டிப் போகக் கூடாது. அங்கே 500 என்று வருவது 300 ஆகும், 300 என்பது "இயன்றவரை" ஆகும். ஊரில் எழுதிக் கொடுத்த "இல்லை" எந்த வாசகத்துக்கு? விவாதத்தைக் கேட்டு, ஜெபித்து, பிரதிநிதி தானே முடிவெடுப்பதுதான் நம் முறை. எப்படியும் ஊர் திரும்பிய பிறகு சபை தனக்கு வேண்டியதைத் தீர்மானிக்கப் போகிறது.

மொழி பற்றி. பாட்டும் ஜெபமும் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என்று மாறி மாறி வரும், அதில் கஷ்டம் இல்லை. வசனத்தின் எண்ணைச் சொன்னாலே உங்கள் தமிழ் வேதாகமத்தில் எடுத்துவிடலாம். கஷ்டம் நிர்வாகக் கூட்டத்தில்தான். மொழிபெயர்ப்பு உண்டா, தமிழுக்கு உண்டா என்று பதிவுப் படிவம் அனுப்பும்போதே கேளுங்கள். இல்லையென்றால் சென்னையிலிருந்தோ சேலம் பக்கமிருந்தோ வரும் தமிழ்ப் பிரதிநிதிகளோடு சேர்ந்து ஒரே வரிசையில் உட்காருங்கள், ஒருவர் காதோடு சொல்லிவிடுவார். பேச வேண்டுமென்றால் தமிழில் பேசுங்கள் தம்பி, வெட்கம் வேண்டாம். ஆனால் மொழிபெயர்த்தால், பேச மூன்று நிமிடம் கொடுத்தாலும் அது ஒன்றரை நிமிடமாகிவிடும். தீர்மானமோ திருத்தமோ கொடுப்பதாக இருந்தால் ஆங்கிலத்தில் இரண்டே வரியில் எழுதி மூன்று தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நாற்காலிக்கு, ஒன்று மினிட்ஸ் எழுதுபவருக்கு, ஒன்று மொழிபெயர்ப்பவருக்கு. மைக்கில் முதலில் பெயர், சபை, ஊர். அப்புறம் ஆதரவா, எதிர்ப்பா என்பது. காரணம் கடைசியில்.

கூட வரும் சிஸ்டருக்கு: தங்கும் இடம் பெரும்பாலும் பள்ளி விடுதியோ கல்லூரி விடுதியோதான், பெண்களுக்குத் தனிக் கட்டடம். அது கூட்ட அரங்கிலிருந்து எவ்வளவு தூரம், இரவு கூட்டம் முடிந்ததும் வண்டி உண்டா என்று இப்போதே கேட்கச் சொல்லுங்கள். பூட்டு, போர்வை, கொசுவத்தி, சின்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு பிளக் பாயிண்ட் என்றால் மறுநாள் போனே இருக்காது. ஓட்டுச் சீட்டும் பேட்ஜும் அறையில் வைக்கவே கூடாது. தொலைத்தால் மாற்றுச் சீட்டு வாங்குவது பெரும்பாடு, தேர்தல் நாளில் கேட்டால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். சாப்பாட்டுக் காரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தயிர்சாதத்தை நம்பிப் பிழைக்கலாம்.

கணக்குப்பிள்ளை:

மூணாம் நாள் கிளம்பலாமான்னு கேட்டீங்க. கூடாது. முதல் நாள் வரவேற்பும் ஆராதனையும், ரெண்டாம் நாள் அறிக்கைகள், மூணாம் நாள் குழு விவாதம். பட்ஜெட், நிர்வாகிகள் தேர்தல், சொத்து விவகாரம் எல்லாம் கடைசி நாள்தான் வரும், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. பாதிப் பேர் ரயிலுக்கு ஓடியிருப்பாங்க. அப்ப நெருடலான விஷயம் சுலபமாத் தேறிடும். கோரம் (கூட்டம் செல்ல இருக்கவேண்டிய குறைஞ்சபட்ச ஆள் எண்ணிக்கை) இருக்கான்னு கேக்க ஒரு பிரதிநிதிக்கு உரிமை உண்டு, ஆனா கேக்க ஆள் உள்ள இருக்கணுமே. திரும்புற டிக்கெட் கடைசி நாள் ராத்திரி வண்டிக்குப் போடுங்க. நடவை ரெண்டு நாள் தள்ளி வைக்கலாம், இல்ல பக்கத்து வயக்காரர்கிட்ட சொல்லிட்டுப் போலாம்.

வரவுசெலவு அறிக்கை கையில வந்ததும் அன்னைக்கு ராத்திரியே படிங்க. மொத்தத்தையும் படிக்க முடியலைன்னா நாலு இடம் பாத்தா போதும். போன வருச இறுதி இருப்பும் இந்த வருச ஆரம்ப இருப்பும் ஒண்ணா? போன வருசம் 8,42,000-னு முடிச்சு இந்த வருசம் 7,92,000-னு தொடங்கினா அந்த 50,000-க்கு ஒரு வரி விளக்கம் இருக்கணும். குறிப்பிட்ட ஊழியத்துக்குன்னு வந்த நிதி பொதுச் செலவுக்குப் போயிருக்கா? சஸ்பென்ஸ் தொகை வருசா வருசம் ஏறுதா? தணிக்கையாளர் கடைசிப் பக்கத்தில பொடி எழுத்தில போட்ட குறிப்பு என்ன? அதை யாரும் படிக்க மாட்டாங்க, விஷயம் பூரா அங்கதான் இருக்கும். சந்தேகத்தை மறுநாள் காலைல எழுதி பொருளாளர் கையில கொடுங்க. மைக்ல திடீர்னு கேட்டா "பிறகு தருகிறோம்"னு பதில் வரும். எழுதிக் கொடுத்தா கணக்கை எடுத்துவெச்சுப் பதில் சொல்லியாகணும்.

டிக்கெட், ஆட்டோ, பதிவுக் கட்டணம் எல்லா ரசீதையும் ஒரு கவர்ல போட்டு வைங்க. ஊர் வந்து அடுத்த சபைக் கூட்டத்துலயே கணக்கையும் ஒப்படைச்சு, தேறின தீர்மானங்களோட நகலையும் செயலர்கிட்ட கொடுத்துடுங்க.

குத்தாலம் தம்பி:

ரொம்ப நன்றி. சந்தா விஷயம் பாத்தேன், பொருளாளர் ஜி-பேல அனுப்பியிருக்கார், ரசீது இன்னும் வரல! இன்னிக்கே மெயில் போடுறோம். இன்னொண்ணு. சிஸ்டரோட அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. கடைசி நேரத்தில அவங்க வர முடியலைன்னா அவங்க ஓட்டையும் நானே போடலாமா?

அரசலாறு:

முடியாது தம்பி. பிரதிநிதி நேர்ல இருந்தாத்தான் ஓட்டு, உங்க விதிப்புத்தகத்தில பதிலாள் ஓட்டுன்னு தெளிவா எழுதியிருந்தாலொழிய. அதுக்குத்தான் மாற்றுப் பிரதிநிதி பேரை இப்பவே அதே தீர்மானத்தில சேர்க்கச் சொன்னது. தனித் தாள்ல அப்புறம் பாஸ்டர் எழுதிக் கொடுத்தா மேசையில ஏத்துக்க மாட்டாங்க. மாற்று ஆளுக்கும் ஆதார்ப்படி பேரு, ரெண்டு போட்டோ. அவருக்குன்னு தனி டிக்கெட்டும் போட்டு வைங்க, தேவைப்படலைன்னா ரத்து பண்ணிக்கலாம். சிஸ்டர் டிக்கெட்டைப் பேர் மாத்தி அவருக்குக் கொடுக்கலாம்னு நினைக்காதீங்க, அந்த வசதி ஒரே குடும்பத்து ஆளுங்களுக்கும் இன்னும் சில பிரிவுக்கும்தான்.