சித்திரைச் சந்திப்பு: கால்வெஸ்டன் தீவுக்குப் போவோம்

அன்புள்ள பூம்பாறை உறவுகளுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்தின் அடுத்த சந்திப்பு எங்கே என்ற பேச்சு இன்னும் முடிவாகவில்லை. டல்லாஸ் அண்ணன் ஏரிக்கரை ஒன்றைச் சொன்னார், அட்லாண்டா அத்தைக்கு மலைப்பக்கம் போக ஆசை. நான் டெக்சாஸின் கால்வெஸ்டனைச் சொல்கிறேன். ஹூஸ்டனிலிருந்து தென்கிழக்கே 80 கிலோமீட்டர், கார் பாலத்திலேயே தீவுக்குள் போய்விடலாம். புயலில் அழிந்த பிறகு தன் தரையையே தூக்கிக் கட்டிக்கொண்ட ஊர் அது. கொடைக்கானல் மலைச்சரிவில் தட்டுத் தட்டாகக் காடு கட்டிப் பிழைத்தவர்களின் பிள்ளைகள் நாம். அந்த ஊரை நாம் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தீவின் நீளம் சுமார் 43 கிலோமீட்டர், அகலம் எங்கேயும் 5 கிலோமீட்டரைப் பெரிதாகத் தாண்டாது. முழுக்க அலை கொண்டுவந்து சேர்த்த மணல். நிலத்துக்கு முன்னால் நீளவாக்கில் கிடந்து, பின்னாலிருக்கும் விரிகுடாவை மெக்சிகோ வளைகுடாவின் அலையிலிருந்து அது மறைக்கிறது. புயல் வந்தால் முதல் அடி அதற்குத்தான் விழும். கரன்காவா பழங்குடியினர் மீன் பிடித்து வாழ்ந்த இடம், பிறகு ஜீன் லஃபீட் என்ற கடற்கொள்ளைக்காரர் சில ஆண்டுகள் கூடாரமடித்தார், 1839இல் நகரமானது. பருத்தி ஏற்றுமதியில் பணம் கொட்டியது. டெக்சாஸின் பெரிய துறைமுகமாக இருந்த காலத்தில் அதன் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 9 அடிதான்.

அலைத்தடுப்புச் சுவர் வேண்டும் என்று சிலர் அப்போதே கேட்டார்கள். தேவையில்லை என்றவர்களில் ஒருவர் அங்கிருந்த வானிலை அதிகாரி ஐசக் கிளைன். 1891இல் பத்திரிகையிலேயே அப்படி எழுதினார். 1900 செப்டம்பர் 8 அன்று 15 அடிக்கு மேல் கடல் ஏறி வந்தது. சுமார் 37,000 பேர் வாழ்ந்த ஊரில் 6,000 முதல் 8,000 பேர் வரை செத்துப்போனார்கள். அதற்கு மேலும் இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கிளைனின் மனைவியும் அதில் போய்விட்டார். கடற்கரையோரம் இருந்த செயின்ட் மேரி அநாதை இல்லத்தில் கன்னியாஸ்திரிகள் குழந்தைகளைத் துணி உலர்த்தும் கயிற்றால் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள். 10 கன்னியாஸ்திரிகளும் 90 குழந்தைகளும் மாண்டார்கள்; 3 பையன்கள் மட்டும் பிழைத்தார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. நாம் எல்லோரும் அங்கே போய் நிற்க வேண்டும்.

மிஞ்சியவர்கள் ஊரைக் காலி செய்யவில்லை. 1902இல் சுவர் கட்டத் தொடங்கி 1904இல் முதல் பகுதியை முடித்தார்கள்: 17 அடி உயரம், 5 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பிறகு ஊரையே உயர்த்தினார்கள். பகுதி பகுதியாகச் சுற்றிக் கரை கட்டி, உள்ளே இருந்த வீடுகளை ஜாக்கி வைத்துக் கையாலேயே திருகித் தூக்கினார்கள். ஊருக்கு நடுவே வெட்டிய வாய்க்கால் வழியாகத் தூர்வாரும் கப்பல்கள் வந்து, கடல் மணலைத் தண்ணீரோடு குழாயில் இறைத்தன. தண்ணீர் வடிந்துவிடும், மணல் தங்கிவிடும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இப்படி மேலேறின. 3,000 டன் எடையுள்ள செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தையே 5 அடி தூக்கியிருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் சனங்கள் மரப்பலகைப் பாதை மேல்தான் கடைக்கும் பள்ளிக்கும் நடந்தார்கள். 1915இல் அடுத்த பெரும்புயல் வந்தபோது ஊர் தாங்கியது.

இதில் என் மனத்தைப் பிடித்தது செலவுக் கணக்கு. மணல் நிரப்பும் செலவு பொதுப்பணம். வீட்டைத் தூக்கும் செலவு அவரவர் பொறுப்பு. நம் ஊருக்கும் இது பொருந்தும். 2018 நவம்பரில் கஜா புயல் நம் மலையேறி வந்து மரங்களைச் சாய்த்துப் பாதையை அடைத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகும் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் எங்கோ தட்டைத் தாங்கும் ஒரு கல்லுக்கட்டு சரிகிறது. மேல்தட்டுக்காரர் கட்டைத் தூக்கி நிறுத்தாவிட்டால், தண்ணீர் கீழ்த்தட்டுக்காரர் பாத்தியை அரித்துக்கொண்டு போகும். 2019இல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம், ஆனால் பூண்டு நிற்பது அந்தக் கட்டின் மேல்தான். குழந்தை வேலப்பர் திருவிழாவுக்கு நாம் அனுப்புவதைப் போலக் கல்லுக்கட்டுக்கும் ஒரு தொகை ஒதுக்கலாம். கட்டு வேலைக் கூலி காட்டுக்காரருடையது, கல்லும் ஓடை வடிகாலும் சங்கத்தின் பங்கு. இதைச் சந்திப்பில் பேசி முடிவெடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பார்க்க என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழைய வணிக வீதியான ஸ்ட்ராண்ட், 1877இல் கட்டிய எலிசா பாய்மரக் கப்பல், புயலில் நூற்றுக்கணக்கானோருக்கு இடம் கொடுத்த பிஷப்ஸ் பேலஸ் மாளிகை, மூடி கார்டன்ஸ் கண்ணாடிப் பிரமிடுகள். பொலிவர் முனைக்குப் போகும் படகில் காரையே ஏற்றிக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது, பெரும்பாலும் ஓங்கில்கள் (டால்பின்கள்) கூடவே நீந்தி வரும். 2008இல் ஐக் புயல் கொண்டுவந்த உப்புத்தண்ணீரில் பட்டுப்போன ஓக் மரங்களைச் சிலைகளாகச் செதுக்கி வைத்திருக்கும் தெருக்களை நடந்துதான் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ராண்டும் 22ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸில் அடிமைகளாக இருந்த சுமார் இரண்டரை லட்சம் பேர் இனி சுதந்திரர் என்ற ஆணை கால்வெஸ்டனில்தான் வெளியானது. லிங்கன் பிரகடனம் செய்து இரண்டரை ஆண்டு கழித்து! இப்போது தேசிய விடுமுறையாகிவிட்ட ஜூன்டீன்த் என்ற அந்த விடுதலை நாள் பிறந்த ஊர் இது.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதால் சித்திரையில், ஏப்ரல் பின்பாதியில் ஒரு சனி ஞாயிறு சரியாக இருக்கும். அப்போதுதான் வளைகுடாவை ஒரே மூச்சில் கடந்து வரும் சிறு பறவைகள் பொலிவர் பக்கம் ஹை ஐலண்ட் என்ற இடத்து மரங்களில் இறங்கும். பைனாகுலர் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். கடற்கரை வீடு ஒன்றை எல்லோரும் சேர்ந்து எடுத்தால் செலவு குறையும், தலை எண்ணிக்கையைப் பங்குனி முடிவதற்குள் எழுதுங்கள். ஊரிலிருந்து அப்பா, அம்மா, அப்பத்தா யாராவது வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்: அங்கே வீடுகள் தூண்மேல் நிற்பதால் படி அதிகம், லிஃப்ட் உள்ள வீடாகத் தேட வேண்டும்.