தஞ்சாவூர்ல ரெண்டு நாள்: பகல்ல பாத்த இடமும் சாயங்காலம் உட்கார்ந்த கடையும் (அனுபவப் பகிர்வு)

பாபநாசத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். பழைய தலைநகரங்களுக்கு ரெண்டு நாள் மூணு நாள்னு டூர் போனவங்க அங்க சந்திச்ச ஆளுங்களைப் பத்தி எழுதலாம்னு பேச்சு வந்துச்சுல்ல, நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். எனக்கு சொந்த ஊரு பாபநாசம். தஞ்சாவூருக்கு சின்ன வயசுலேந்து எத்தனையோ தடவை போயிருக்கேன், ஆனா அதெல்லாம் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, இல்லாட்டி பஸ் மாற. ஊரைப் பார்க்கணும்னே ரூம் போட்டு தங்கினது இந்த மாசியிலதான் முதல் தடவை.

காரணம் எங்க அத்தான். அக்காவும் அவரும் லண்டன் போயி பதினாறு வருஷம் ஆச்சு. இந்த தடவை லீவுல வந்தவர் தஞ்சாவூரை நிதானமா பார்க்கணும்னாரு. கூடவே ஒண்ணு கேட்டாரு பாருங்க, "மாப்ள, அங்கெல்லாம் ஒரு பழைய ஊருக்குப் போனா பகல்ல கோட்டை, சர்ச்சு, மியூசியம்னு சுத்துவோம், பொழுது சாஞ்சா ஒரு பப்ல போயி உட்காந்துருவோம். நான் குடிக்கிறது இல்ல, ஒரு ஜூஸை வாங்கி வச்சுக்கிட்டு உட்காருவேன். உள்ளூர் பெரியவர் யாராச்சும் பக்கத்துல வந்து பேச்சுக் குடுப்பாரு, பகல்ல பார்த்ததுக்கெல்லாம் அப்பதான் அர்த்தம் புரியும். பப்ங்கறதே பப்ளிக் ஹவுஸ்தானே, ஊருக்குப் பொதுவான வீடு. தஞ்சாவூர்ல அந்த மாதிரி எங்க உட்காருவீங்க?"

எனக்கு சட்டுனு பதில் வரல. லாட்ஜ்ல பார் இருக்கு, டாஸ்மாக் இருக்கு, ஆனா அவர் கேட்டது அது இல்லைன்னு தெரியுது.

முதல் நாள் நாங்க பண்ணின தப்பு, பெரிய கோயிலுக்கு பதினொன்றரைக்குப் போனது. யாரும் அந்த நேரத்துக்குப் போயிடாதீங்க. கல்லு கொதிக்குது, சாக்கு விரிச்ச இடத்துல ஓடி ஓடி போனோம், கொஞ்ச நேரத்துல நடையும் சாத்திட்டாங்க. வெளியில வந்து ஆட்டோ ஏறினா அந்த டிரைவர் தம்பி, "சார், இந்த கோபுரத்தோட நெழலு தரையிலயே விழாது"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. நானும் அதை சின்ன வயசுலேந்து கேட்டு வளந்தவன்தான்.

அப்புறம் அரண்மனை. நாயக்கர் கட்டினது, பின்னாடி மராட்டியர் இருந்து ஆண்டது. மத்த இடத்தையெல்லாம் அரை மணில பார்த்துட்டோம், ஆனா கலைக்கூடத்துல அந்த ரிஷபவாகனர், அதான் காளை மேல சாஞ்சு நிக்கிற சிவனோட வெண்கலச் சிலை, முன்னாடி வந்ததும் அத்தான் நகரவே இல்ல. திருவெண்காட்டுல மண்ணுக்குள்ளேந்து எடுத்தது, 1011ஆம் வருஷத்து வேலை. ஜடாமுடியை தலைப்பாகை மாதிரி சுத்திக்கிட்டு, காலை மாத்தி வச்சு ஒருத்தர் ஒயிலா நிக்கிறாரு, ஒரு கை மாட்டு மேல சாஞ்சிருக்கு, ஆனா மாடு இல்ல. காணாம போன மாடு அந்த முழங்கை மடிப்புல தெரியுதுங்க. சும்மா காத்துல தூக்கின கை அப்படி இருக்காது, பாரம் இறக்கி வச்ச கைதான் அப்படி தளர்வா இருக்கும். இதுக்காகவே இன்னொரு தடவை போவேன்.

சாயங்காலம் தெற்கு வீதி பக்கம் ஒரு பழைய காபி கடை. பேரு வேணாம், போனா கண்டுபிடிச்சிருவீங்க, வாசல்லயே டிக்காஷன் வாசனை இழுக்கும். மரப் பெஞ்சு, பித்தளை டபரா செட்டு. அங்க இடம் இல்லாம ஒரு பெரியவர் பக்கத்துல "ஐயா, உட்காரலாமா"ன்னு கேட்டு உட்கார்ந்தோம். எழுபத்தஞ்சு வயசு இருக்கும். ரைஸ்மில்லுல நாப்பது வருஷம் கணக்குப்பிள்ளையா இருந்தவராம். எங்கேருந்து வர்றீங்கன்னு ஆரம்பிச்சது, கோயிலுக்குப் போனோம், சூடு தாங்கல, சீக்கிரம் வந்துட்டோம்னேன். "ஏந்தம்பி, பாபநாசத்துக்காரரு நீங்களே மத்தியானம் போனா வெளியூர்க்காரன் என்ன பண்ணுவான், நாளைக்கு காலைல ஏழு மணிக்குப் போங்க"ன்னாரு. நெழல் விஷயத்தை அத்தான் கேட்டதும் அவருக்கு முகம் மாறிருச்சு. "எல்லா நெழலும் விழும் தம்பி. அவ்வளவு பெருசா கட்டினவனுக்கு இல்லாத பெருமையை ஏன் சேர்க்கணும், இருக்கிற பெருமையையே யாரும் படிக்கலையே"ன்னாரு.

அப்புறம் சொன்னாருங்க. ராஜராஜன் அந்தக் கோயில்ல ஆடறதுக்கும் பாடறதுக்கும் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை (தளிச்சேரின்னா கோயிலைச் சேர்ந்த தெரு) குடி வச்சான், அது எனக்கும் கேள்விப்பட்டதுதான். ஆனா நானூறு பேரோட பேரையும், எந்த ஊர் எந்தக் கோயில்லேந்து வந்தாங்கங்கறதையும், எந்தத் தெரு எத்தனையாவது வீடுங்கறதையும் மதில்ல வெட்டி வச்சிருக்கான்ங்கறது சத்தியமா எனக்குத் தெரியாது. ஐயா பில்லைத் திருப்பிப் போட்டு பின்பக்கம் பேனாவால தெருவை வரைஞ்சாரு. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு (தெருவோட தெற்குப் பக்க வீட்டு வரிசை), தலைவீடு (முதல் வீடு), திருவையாற்று ஓலோகமாதேவி ஈஸ்வரத்து நக்கன் சேரமங்கை, பங்கு ஒன்று. அடுத்தது இரண்டாம் வீடு. அப்படியே வரிசையா போவுது. எனக்கு அந்த தென்சிறகுங்கற வார்த்தை கேட்டதும் உடம்பு சிலிர்த்துருச்சு, ஏன்னா எங்க பக்கம் அக்ரஹாரத்துல இன்னிக்கும் வீட்டுக்கு வழி சொன்னா வடசிறகு தென்சிறகுன்னுதான் சொல்லுவாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஒரு பொம்பளையோட வீட்டு அட்ரஸ், தபால்காரர் கிட்ட குடுத்தா கொண்டுபோய் சேர்த்துருவாரு போல இருக்கு.

பங்கு ஒண்ணுன்னா வருஷத்துக்கு நூறு கலம் நெல்லு. கணக்குப்பிள்ளை இல்லையா, அங்கதான் அவருக்கு குரலே ஏறுச்சு. "பன்னெண்டு மரக்கா ஒரு கலம். நானூறு பேருக்கு நாப்பதாயிரம் கலம் தம்பி. அந்த நெல்லை அளந்த மரக்காலுக்கும் பேரு இருக்கு, ஆடவல்லான்! நடராஜர் பேரு. நான் மில்லுல அளந்த மரக்காலுக்கு யார் பேரு வச்சா?"ன்னு சிரிச்சாரு. கோயில் கட்டின பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பேரும் கல்லுல இருக்குன்னாரு. அத்தான் ரெண்டாவது காபி சொல்லி, மூணாவது காபியும் சொன்னாரு, கடைக்காரர் பாய்லரை அணைக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கறப்ப அத்தான் என் தோள்ல கை வச்சு, "மாப்ள, நான் கேட்ட வீடு இதுதான்"ன்னாரு.

மறுநாள் காலைல ஏழு மணிக்குப் போனோம். நெழலு விழுதுங்க. 216 அடி விமானத்தோட நெழல் மேற்கால திருச்சுற்று மாளிகையை, அதான் மதிலை ஒட்டின சுத்து மண்டபத்தை, ஏறித் தாண்டி போவுது. அந்த நெழல் நெடுக வெறுங்காலோட நடந்தோம், கல்லு ஜில்லுனு இருந்துச்சு. விமானத்தோட அடியில இருக்கிற எழுத்தை ஐயா எழுதிக் குடுத்ததை வச்சுக்கிட்டு தேடினோம். நாம் குடுத்தனவும், அக்கன் (அக்கா) குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லுல வெட்டச் சொல்லி ராஜா உத்தரவு. பாருங்க, "கொடுத்தன" இல்ல, "குடுத்தன"! நாம வீட்டுல பேசறோமே அதே குடு. எழுத்து எங்களால முழுசா படிக்க முடியல, அங்கங்க ஒரு ன, ஒரு ம மட்டும் பிடிபட்டுச்சு, அதுக்கே அத்தான் கண்ணு கலங்கிட்டாரு.

நீங்களும் எழுதுங்க.

ஐயாறு செல்வி:

பாபநாசத்தான் அண்ணா, படிச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். எங்க ஊரு திருவையாறு. அந்த ஓலோகமாதேவி ஈஸ்வரம் வேற எங்கயும் இல்ல, எங்க ஐயாறப்பர் கோயில் வளாகத்துக்குள்ளயே இருக்கற வடகைலாயம்தான், ராஜராஜனோட பட்டத்தரசி ஓலோகமாதேவி கட்டினது. நான் சின்னப் புள்ளைல ஒளிஞ்சு விளையாடின இடம். அப்ப சேரமங்கை எங்க ஊர்க்காரங்க!

நேத்து சாயங்காலம் விளக்கு போட போனப்ப வாசல்ல கதம்பம் கட்டுற ஆச்சிகிட்ட இதைச் சொன்னேன். அம்பது வருஷமா அங்கயே உட்கார்ந்து பூ கட்டுறவங்க. மரிக்கொழுந்தை வாழைநாருல சேர்த்து முடிஞ்சுக்கிட்டே கேட்டாங்க, நிமிரவே இல்ல. அப்புறம், "அந்தப் பொண்ணு இங்கேருந்து அங்க போயி தலைவீட்டுல இருந்துச்சாக்கும், நல்லாத்தான் வச்சிருந்திருக்காங்க"ன்னு சொல்லிட்டு ஒரு முழம் வெட்டிக் குடுத்தாங்க, காசு வாங்கல. "உள்ள போயி அந்தப் பொண்ணு பேருக்கு வச்சுட்டு வா"ன்னாங்க. வடகைலாயத்துல வச்சுட்டு வந்தேன்.

அணைக்கரை மணி:

தஞ்சாவூர் பத்தி எல்லாரும் எழுதுவீங்க, நான் மகன் தலைநகரத்தைப் பத்தி எழுதறேன். கங்கைகொண்ட சோழபுரம். அப்பன் ஆண்ட ஊரை விட்டுட்டு ராஜேந்திரன் கொள்ளிடத்துக்கு வடக்கால போயி புதுசா கட்டினது, அப்புறம் சோழர் முடியற வரைக்கும் அதுதான் தலைநகரம். கும்பகோணத்துலேந்து அணைக்கரை வழியா பஸ் இருக்கு. கோயில் மட்டும்தான் நிக்குது, ஊரைக் காணோம். தஞ்சாவூர் விமானம் நேரா விரைப்பா நிக்கும், இது உள்வாங்கி வளைஞ்சு ஏறும், ரெண்டையும் அடுத்தடுத்த நாள் பார்த்தாதான் தெரியும். வடக்கு வாசப்படி கிட்ட அடியார் சண்டேசருக்கு சிவன் தலையில பூமாலை சுத்துற சிற்பம், அதை நின்னு பாருங்க, அவசரப்படாதீங்க. குனிஞ்சு வாங்கிக்கிற அந்த முகத்துல என்ன ஒரு அடக்கம்.

அங்கேருந்து மாளிகைமேடு போனேன், அரண்மனை இருந்த இடம். தோண்டி எடுத்த செங்கல் அஸ்திவாரம் மட்டும் இருக்கு. ஆடு மேய்ச்சுக்கிட்டு ஒரு அம்மா இருந்தாங்க. "அரமன பாக்க வந்தியளா, இதான் அரமன, செத்த நெழல்ல குந்துங்க"ன்னாங்க. அவ்வளவு பெரிய கோயில் மதிலெல்லாம் எங்கம்மா போச்சுன்னு கேட்டேன். கொள்ளிடம் இருக்கிற பக்கம் கையைக் காட்டி, "அணையில கெடக்கு"ன்னாங்க. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. நான் அணைக்கரைக்காரன், தினம் அந்தப் பாலத்து மேல போறவன். அப்புறம் விசாரிச்சா நெசம்தான், 1836ல எங்க ஊர்ல கொள்ளிடத்துக்கு குறுக்கால கீழணை கட்டுறப்ப இந்தக் கோயில் மதில் கல்லையெல்லாம் பேத்து எடுத்துக்கிட்டு போயிருக்காங்க. மனசு ஆறவே இல்ல எனக்கு. அதே நேரம் அந்த அணைத் தண்ணில வெளைஞ்ச சோத்தைத்தான் நான் மூணு வேளையும் திங்கறேன், அதையும் சொல்லணும்.

வழக்கமா டீ குடிக்கிற அணைக்கரை கடையில அன்னிக்கு ராத்திரி இதைச் சொன்னேன். மீன் பிடிக்கிற ஆளுங்க, மணல் வண்டி ஓட்டுறவங்க, பத்து பேருக்கு மேல இருந்தாங்க. ஒருத்தருக்கும் தெரியல. டீ மாஸ்டர் மட்டும் கிளாஸைக் கழுவிக்கிட்டே, "அப்ப தண்ணி வத்துறப்ப ஒரு நாள் எறங்கிப் பாப்போமாண்ணே"ன்னாரு. வைகாசில இறங்கிப் பார்க்கிறதா இருக்கோம்.

புகார் கரை:

பப் பத்தி பேச்சு வந்ததால ஒண்ணு மட்டும். எங்க பூம்புகார் சோழருக்கு துறைமுகத் தலைநகரமா இருந்த காலத்துல கள்ளு விக்கிற வீட்டுக்கு அடையாளமா கொடி கட்டியிருந்தாங்கன்னு சங்கப் பாட்டுல வருது. கப்பல்லேந்து இறங்குனவன் கொடியைப் பார்த்து வந்து உட்காருவான். கள்ளுக்கு தமிழ்நாட்டுல 1987லேந்து தடை, பனை மட்டும் நிக்குது. எங்க தாத்தா மரம் ஏறினவர், பாளை சீவுற அருவாளை இன்னிக்கும் எண்ணெய் போட்டு துடைச்சு பரண்ல வச்சிருக்கோம். கரைக்கு வர்றவங்க மீன் வறுக்கிற கடையில உட்காருங்க, வலை பின்னுறவங்க அங்கதான் இருப்பாங்க, கடலுக்குள்ள போன ஊரைப் பத்தி கேளுங்க, சொல்லுவாங்க.

பாபநாசத்தான்:

செல்வி தங்கச்சி, உங்க பதிலை போன சனிக்கிழமை தஞ்சாவூர் போயி அதே கடையில ஐயாகிட்ட போன்ல காட்டினேன். கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாரு. வடகைலாயத்துக்கு அவர் போயி முப்பது வருஷம் இருக்குமாம், முட்டி வலியால பஸ் ஏறுறது இல்லையாம். வர்ற ஞாயித்துக்கிழமை கார் சொல்லியிருக்கேன், காலைல ஏழு மணிக்கு அவரை வீட்டுல ஏத்திக்கிட்டு நேரா திருவையாறு. ஆச்சிகிட்ட சொல்லி வைங்க, இந்த தடவை கதம்பத்துக்கு காசு குடுத்துதான் வாங்குவோம். அத்தான் லண்டன்லேந்து வீடியோ கால்ல வர்றாரு. மணி அண்ணே, அணையில இறங்கறப்ப எங்களுக்கும் சொல்லுங்க.