புதுப்பிப்பு: டொமினிக்கன் குடியரசில் ஓய்வுக்காலம் – அப்போஸ்டில், இன்வெர்ட்டர்

டொமினிக்கன் குடியரசில் ஓய்வூதியக்காரராகக் குடியிருப்பு அனுமதி வாங்க, அந்நாட்டின் 171-07 சட்டப்படி ஓய்வூதியம் மாதம் 1,500 டாலர், கூட வரும் ஒவ்வொருவருக்கும் 250 டாலர் காட்டணும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் மாற்றமில்லை. பலரும் கேட்டது அப்போஸ்டில் பற்றி, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் ஏற்க, அதைத் தந்த நாட்டு அரசு இணைக்கும் சான்று. குற்றப் பின்னணி பற்றிய அமெரிக்க எஃப்.பி.ஐ. சான்று மத்திய அரசு ஆவணம். மாநில அலுவலக அப்போஸ்டில் செல்லாது, வாஷிங்டன் வெளியுறவுத் துறைதான் தரணும். கனடாவிலும் 2024 ஜனவரி முதல் அப்போஸ்டில் கிடைக்கிறது. அதை வாங்கிய பிறகே ஸ்பானிஷ் மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். அப்போஸ்டிலும் சேர்த்து மொழிபெயர்க்கப்படணும்.

வாடகை வீட்டில் முதலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள், அங்கே கரன்ட் அடிக்கடி போகும். பெரும்பாலும் 6 வோல்ட் பேட்டரி நான்கைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். மூடியைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிந்தால் பேட்டரி அதிக நாள் தாங்காது. முன்பணம் கொடுக்குமுன் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஊற்றுவது காய்ச்சி வடித்த நீர் மட்டும்.