மிக்சரில் ‘கெயின்’ குமிழுக்குத் தமிழ்: திங்களுக்குள் வேண்டும்

கொழிஞ்சாம்பாறை, ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியின் தமிழ்ப் பிரிவுக்குச் சின்ன மிக்சர் (பல மைக்கின் ஒலியைக் கலந்து அனுப்பும் கருவி) ஒன்று வந்திருக்கிறது. நாலு மைக் மாட்டலாம், யுஎஸ்பி வழியாகக் கணினியில் பதிவும் செய்யலாம். அசெம்ப்ளிக்கும் கலோத்ஸவப் (பள்ளிக் கலைவிழா) பயிற்சிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே இயக்கப்போகிறார்கள். குமிழ்களுக்குத் தமிழில் ஸ்டிக்கர் அடிக்கிறேன். மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்தது. மைக்கிலிருந்து வருவதை உள்ளே நுழையும்போதே பெரிதாக்கும், உச்சியில் இருக்கும் ‘கெயின்’, வெளியே எவ்வளவு போகவேண்டும் என்று கீழே தள்ளி வைக்கும் ‘ஃபேடர்’ இரண்டிலும்தான் சிக்கல். பிள்ளைகளுக்கு ரெண்டுமே ‘சத்தம்’. கெயினை முழுக்கத் திருகிவிட்டு ஃபேடரை அடியில் வைத்துக்கொள்கிறார்கள். பேச்சு கரகரவென்று உடைந்து வருகிறது. ஸ்டிக்கருக்கு ஒரு சென்டிமீட்டர்தான் இடம், ஞாபகம் இருக்கட்டும். ‘உள்ளீட்டு மின்னழுத்தப் பெருக்கக் கட்டுப்பாட்டுக் குமிழ்’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

பாலக்காடு, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

டீச்சர், ‘பெருக்கம்’. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? பெருக்கி என்ற சொல் பாடநூலில் என்றைக்கோ ஊன்றிவிட்டது. கணக்கும் அதுதான்: மைக்கிலிருந்து வருவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட். மிக்சர் உள்ளே வேலை செய்ய ஏறத்தாழ ஒரு வோல்ட் வேண்டும். 60 டெசிபல் கெயின் என்றால் மின்னழுத்தம் ஆயிரம் மடங்கு. கூட்டல் இல்லை, பெருக்கல்.

மூணாறு, மொழிபெயர்ப்பாளர்:

பெருக்கம் என்றால் பிள்ளைகள் சத்தப் பெருக்கம் என்றுதான் எடுத்துக்கொள்ளும், குழப்பம் அப்படியே நிற்கும். ‘ஈட்டம்’ என்று அகராதியில் பார்த்தேன். நாலே எழுத்து, சென்டிமீட்டருக்குள் அடங்கும்.

செங்கோட்டை, புலவர்:

ஈட்டம் ஈட்டிய பொருள். லாபத்துக்கும் ஆங்கிலேயன் இதே சொல்லைச் சொல்கிறான் என்பதற்காக மைக்குக்குப் பணப்பையைக் கட்டுவதா? குறள் 1003 பார்க்க: ‘ஈட்டம் இவறி இசைவேண்டா ஆடவர் தோற்றம் நிலக்குப் பொறை’. பொருள் சேர்ப்பதையே விரும்பி இசையை வேண்டாதவர் பூமிக்குச் சுமை என்கிறார். இங்கே இசை புகழைக் குறிக்கிறது. ஆனாலும் கெயினை முழுக்கத் திருகும் பிள்ளைகளைப் பற்றி இதைவிடப் பொருத்தமாக யாரும் பாட முடியாது.

என் பரிந்துரை ‘வலிவு’. மந்திரம், மத்திமம், தாரம் என இன்று சொல்லும் மூன்று ஸ்தாயிகளுக்கும் மெலிவு, சமன், வலிவு என்று நம் இசைமரபில் பெயர் உண்டு. மெலிந்து வருவதை வலுவாக்குவது வலிவு. கூட்டாமல் குறைக்காமல் விடும் ஃபேடரின் பூச்சியக் கோடு ‘சமன்’. இவ்வளவு அழகாக அமைந்திருக்கும்போது வேறு எங்கே போகவேண்டும்?

பாலக்காடு:

ஐயா, வலிவும் மெலிவும் சுருதி உயரத்துக்கான பெயர்கள், ஒலியின் அளவுக்கல்ல. ‘வலிவைக் கூட்டு’ என்றால் பாட்டுத் தெரிந்த பிள்ளை மேல் சட்ஜத்துக்குப் போய்விடும்.

செங்கோட்டை:

சொல்லுக்குப் பொருள் விரிவது மரபுதானே. உங்கள் ‘பெருக்கு’ மட்டும் வாசல் பெருக்கவும் ஆகவில்லையா?

வேலந்தாவளம், மைக்செட்:

டீச்சருங்க, நான் படிச்சவன் இல்லை, ஆனா பாக்ஸ் தூக்கறவன், அதனால சொல்றேனுங்க. கெயினும் சத்தமும் வேற வேறன்னு ஏன் சொல்றோம்னா, கெயின் வாசல்லயே நிக்குது. அதுல கைவெச்சா அதுக்குப் பின்னால போற எல்லாம் ஏறும். பாடறவங்க தங்க குரலைக் கேக்க காலடியில இருக்கற மானிட்டர் பாக்ஸுக்கு ஆக்ஸ்ங்கற தனி வழியா போறதை நாங்க ஃபேடருக்கு முன்னாடியே எடுத்துருவோம். ஃபேடரைத் தள்ளினா மானிட்டர் அசையாது, கெயினைத் திருகினா அதுவும் ஏறும். ஒரு கோயில் பஜனையில பாதிப் பாட்டுல யாரோ கெயினைத் தொட்டுட்டாங்க. மானிட்டர் ‘கூ’ன்னு ஊளையிட்டுது. மிருதங்கக்காரர் கையை எடுத்துட்டு எங்களையே பார்த்தாரு.

பிள்ளைகளுக்கு வழி இதுதானுங்க: ஃபேடர் அடியில கிடக்கட்டும். பிஎஃப்எல் பொத்தானை அமுக்கணும், அது ஃபேடருக்கு முன்னாடி வர்ற அளவை மீட்டர்ல காட்டும். மேடையில பேசப்போற அதே குரல்ல பேசச் சொல்லி, மீட்டர் பூஜ்ஜியத்துக்குப் பக்கம் வர்ற வரைக்கும் கெயினைத் திருகணும். சிவப்பு விளக்கு மின்னினா கொஞ்சம் இறக்கணும். அப்புறம் ஃபேடரை பூஜ்ஜியக் கோட்டுக்குக் கொண்டுவரணும். நிகழ்ச்சி ஆரம்பிச்சாச்சுன்னா கெயினைத் தொடக்கூடாது. கம்ப்யூட்டர்ல பதிவு பண்றதா இருந்தா அங்க உச்சம் மைனஸ் 12 டெசிபல்ல நிக்கட்டும். அங்க பூஜ்ஜியம்னா கூரை, இடிச்சா போனது போனதுதான்.

சொல்லு? ‘கெயின்’னே ஒட்டுங்க. நாளைக்கு மேடையில ‘கெயினைக் குறைடா’ன்னு கத்தினா பையனுக்குப் புரியணுமில்லைங்களா.

நகரி, விவசாயி:

வேலந்தாவளத்தார் சொன்னதிலேயே சொல் இருக்கு. கிணத்துத் தண்ணியை வயல் மட்டத்துக்குத் தூக்குறது ஏற்றம். தூக்கினதை எவ்வளவு விடணும்னு வைக்கிறது மடை. கெயின் ‘ஏற்றம்’, ஃபேடர் ‘மடை’. தெலுங்கில் ஏதம், மலையாளத்தில் ஏத்தம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிள்ளைகளுக்குப் புரியும்.

செங்கோட்டை:

தமிழில் ஏதம் என்றால் குற்றம். ஆனால் ஏற்றம் நல்ல சொல், ஒப்புக்கொள்கிறேன். ஏற்றம் இறைத்தவர் பாட்டுக்குக் கம்பரே திணறியதாகக் கதை உண்டு. ‘மூங்கில் இலைமேலே தூங்கும் பனிநீரே’ என்ற முதலடிக்கு அடுத்த அடி இன்னதென்று தெரியாமல் இரவெல்லாம் தவித்தாராம். ஏறு என்ற அடியிலிருந்து ஏற்றம் வந்ததா, ஏற்றுதல் என்ற பிறவினையிலிருந்தா என்பதைத் தனியாக எழுதுகிறேன்.

மூணாறு:

தனியாகவே எழுதுங்கள் ஐயா. இன்று சனிக்கிழமை.

பாலக்காடு:

பண்பேற்றம் என்று ஏற்கெனவே மாடுலேஷனுக்கு வைத்திருக்கிறோம். பிளஸ் டூவுக்குப் போனால் அதே பிள்ளை முட்டும். தவிர, எங்கள் சித்தூர்ப் பக்கம் ஏற்றத்தைப் பார்த்த பிள்ளை யார்? மோட்டார் வந்து எத்தனை காலம்! மடை என்றதும் தமிழ்நாட்டோடு நமக்கு உள்ள ஆழியாற்றுத் தண்ணீர்ப் பேச்சு ஆரம்பமாகிவிடும், மிக்சர் மூலையில் கிடக்கும்.

கெயின் என்றே ஒட்டுவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வடவெழுத்தை ஒருவி (நீக்கி)த் தமிழ் எழுத்தோடு புணர்ந்தால் வடசொல்லையே தொல்காப்பியர் ஏற்கிறார். கெயினில் ஒருவ வேண்டிய எழுத்தே இல்லை. ஆய்தத்தை முதலில் நிறுத்தி வரும் ஃபேடர்தான் அவரைக் கோபப்படுத்தும்.

செங்கோட்டை:

அந்த நூற்பா வடசொல்லுக்கு. இங்கிலீஷ் சொல்லுக்கு யார் அனுமதி கொடுத்தது?

கொழிஞ்சாம்பாறை:

பெரியவர்களுக்கு நன்றி. இன்று மத்தியானம் நாலு பிள்ளைகளிடம் நாலு சொல்லையும் எழுதிக் காட்டினேன். ‘வலிவு’ பார்த்து ஒருத்தி ‘வலிக்குமா டீச்சர்?’ என்றாள். ‘பெருக்கம்’ கணக்கு வாத்தியாரை ஞாபகப்படுத்தியதாம். ‘ஏற்றம்’ என்றதும் ஒரு பையன் தானாகவே ‘அப்போ ரொம்ப ஏத்தினா சிவப்பு எரியும்’ என்றான். கிணற்றை அவன் நினைக்கவில்லை, சார் சொன்னது சரி. ஆனால் சொல் வேலை செய்துவிட்டது. கெயினுக்கு ‘ஏற்றம்’, ஃபேடருக்கு ‘அளவு’ என்று அடிக்கிறேன். வேலந்தாவளம் அண்ணனுக்காக ஏற்றத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ‘கெயின்’ போடுகிறேன். கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பொத்தானுக்குப் பெயரே வேண்டாம். எங்களிடம் அந்த வகை மைக் இல்லை, பொத்தானைத் தொடவும் வேண்டாம்.

செங்கோட்டை:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. ‘அளவு’ எதற்கும் ஆகும் சொல், அதனாலேயே எதற்கும் ஆகாது. பூச்சியக் கோட்டுக்காவது ‘சமன்’ ஒட்டுங்கள்.

வேலந்தாவளம்:

அந்தக் கோட்டுல சிவப்பு டேப் ஒட்டுங்க, போதுமுங்க.

நகரி:

மடையை விட்டதில் வருத்தம்தான். ஆக்ஸுக்கு இன்னும் யாரும் சொல் கேட்கவில்லை என்பதால் ‘கிளைமடை’யை இப்போதே முன்மொழிந்து வைக்கிறேன்.