கிரீனிச் வில்லேஜ் காபிக்கடைப் பாடகர்களும் ‘ஃபாஸ்ட் ஃபோக்’ இசைத்தட்டுகளும்

கேள்வி:
நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதிக் காபிக்கடைகளில் 1980களில் பாடிய கலைஞர்களின் பதிவுகளைத் தேடிக் கேட்டு வருகிறேன். ‘ஃபாஸ்ட் ஃபோக்’ என்னும் பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. அது இசை நிறுவனமா, இதழா?

பதில் 1:
இரண்டும்தான், நண்பரே. பாடகர் ஜாக் ஹார்டி முன்னின்று 1982இல் தொடங்கிய அம்முயற்சியில், அச்சிட்ட இதழுடன் ஓர் இசைத்தட்டும் சேர்ந்தே வெளிவந்தது. கார்னீலியா தெருக் காபிக்கடையில் பாடலாசிரியர்கள் கூடி, தாங்கள் புதிதாக எழுதியவற்றை ஒருவருக்கொருவர் பாடிக் காட்டும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. பெரிய நிறுவனங்கள் அந்தப் பக்கம் அதிகம் திரும்பிப் பாராத காலத்தில், அத்தகைய பாடல்கள் காற்றோடு போய்விடாமல் காத்தது இந்த இதழ். பின்னர் புகழ்பெற்ற பாடகிகளான சுசான் வேகா (முதல் இசைத்தொகுப்பு 1985), ட்ரேசி சாப்மன் (முதல் இசைத்தொகுப்பு 1988) ஆகியோரின் குரல்கள் அத்தொகுப்புகளுக்கு முன்னரே இதில் பதிவாகிவிட்டன.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால், எல்லாமே முத்துகள் என்று எண்ணிவிட வேண்டாம். விரைவாகவும் குறைந்த செலவிலும் பதிந்தவை என்பதால் மெருகு குறைவு; எனக்கோ அதுவே பிடித்திருக்கிறது. மூல ஒலிநாடாக்கள் 1999 முதல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்திடம் உள்ளன. அதன் ‘ஃபோக்வேஸ்’ இசை வெளியீட்டுப் பிரிவு வழியாகக் கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 1982ஆம் ஆண்டு வெளியீடுகளிலிருந்தே வரிசையாகக் கேட்கத் தொடங்குகிறேன்.