பாலிஸ்டிக் கோயெஃபிஷியன்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வயோமிங் சமவெளியில் பிராங்ஹார்ன் இரலையைத் தொலைவிலிருந்து சுடுவதற்கு எந்தத் தோட்டா, எந்தச் சன்னம் பொருந்தும் என்ற கட்டுரைக்காக ஒரு சொல் வேண்டும். (பிராங்ஹார்ன் உண்மையில் இரலைக் குடும்பமே அல்ல, தனிக் குடும்பம். அங்கே எல்லாரும் 'ஆன்டிலோப்' என்றே சொல்வதால் இரலை என்றே வைத்துக்கொள்கிறேன்.)

தோட்டா என்றால் பித்தளைக் கூடு, மருந்து, எரியூட்டி, சன்னம் நான்கும் சேர்ந்தது. பறப்பது சன்னம் மட்டும். நாளிதழ்கள் இரண்டையும் தோட்டா என்றே எழுதுகின்றன. ஈழ வழக்கில் சன்னம் தெளிவாக இருப்பதால் அதை எடுத்துக்கொண்டேன்.

சிக்கல் பாலிஸ்டிக் கோயெஃபிஷியன்டில்தான். காற்றுத்தடையை மீறிச் சன்னம் தன் வேகத்தை எவ்வளவு தக்கவைக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. 'எறிகணைக் கெழு' என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. எறிகணை பீரங்கிக்கு உரியது. தவிர, அந்த எண் எதை அளக்கிறது என்பதையும் அது சொல்லவில்லை.

இரண்டு தோட்டா வகைகளை ஒப்பிடுவோம். .243 வின்செஸ்டரில் 100 கிரெய்ன், அதாவது 6.5 கிராம் சன்னம் நொடிக்கு 902 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 6.5 கிரீட்மோரில் 143 கிரெய்ன் சன்னம் 823 மீட்டர்தான். 400 கஜத்தை .243 முந்திக்கொண்டு ஏறத்தாழ 0.48 நொடியில் எட்டும், மற்றதற்கு 0.50 நொடி ஆகும். ஆனால் மணிக்கு 10 மைல் பக்கக்காற்றில் முந்தியது சுமார் 34 செ.மீ. விலகும், பிந்தியது 23 செ.மீ. மட்டுமே விலகும். விலகலை முடிவு செய்வது பறக்கும் நேரம் அல்ல. காற்றுத்தடையால் வரும் தாமதம். காற்றே இல்லாவிட்டால் ஆகும் நேரத்தை உண்மையான நேரத்திலிருந்து கழித்து, மிச்சத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும்.

பிராங்ஹார்னின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 20 செ.மீ. அகலம். வீசும் காற்றில் பாதியைத்தான் கணக்கில் எடுத்தோம் என்றால் .243 சன்னம் 17 செ.மீ. தள்ளிப் போய் வயிற்றில் பாயும். விலங்கு அடிபட்டு ஓடிவிடும். 6.5 சன்னம்கூட விளிம்பைத் தாண்டிவிடும் என்பதால், காற்று சரியாகப் பிடிபடாத நாளில் எந்தத் தோட்டாவானாலும் இன்னும் கிட்டே போவதுதான் முறை. ஆக, கிளம்பும் வேகத்தைவிட அதைக் காக்கும் திறன் முக்கியம். எனவே என் பரிந்துரை: வேகக்காப்புக் கெழு.

---

ஐயா, வணக்கம்.

பொறியியலில் 'டிராக் கோயெஃபிஷியன்ட்' என்பதற்கு 'இழுவைக் கெழு' நிலைத்துவிட்டது. அதையொட்டி 'இழுவை எதிர்ப்புக் கெழு' என்றால் மாணவர்களுக்கு எளிதாக இருக்காதா? இன்னொன்று: ஒரே சன்னத்துக்கு 0.625 என்றும் 0.315 என்றும் இரண்டு எண்கள் போடுகிறார்கள். உங்கள் சொல் அதை எப்படித் தாங்கும்?

---

அம்மா, இரண்டுமே நல்ல கேள்விகள்.

'இழுவை எதிர்ப்பு' என்றதும் வாசகர் காற்றின் எதிர்ப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்போது எண் கூடினால் தடை கூடும் என்று தலைகீழாகப் புரியும். இழுவைக் கெழு சிறிதாக இருந்தால் நல்லது. இது பெரிதாக இருந்தால் நல்லது. 'காப்பு' என்ற சொல்லில் அந்தத் திசை தானே விளங்கிவிடுகிறது.

இரண்டு எண்களுக்குக் காரணம் ஒப்பிடும் மாதிரிச் சன்னம். ஜி1 மாதிரி தட்டை அடியும் குட்டை மூக்கும் உடையது. ஜி7 நீண்ட மூக்கும் படகுவால் போல் ஒடுங்கிய அடியும் உடையது. இன்றைய நெடுந்தொலைவுச் சன்னங்களுக்கு அதுவே நெருக்கம். மாதிரியின் பெயரை முன்னொட்டாக்கி 'ஜி7 வேகக்காப்புக் கெழு 0.315' என்று எழுதுவோம். முன்னொட்டை விட்டால் விளைவு மோசம்: ஜி1-க்குரிய 0.625-ஐ ஜி7 என்று கணிப்பானில் போட்டால், சன்னம் தாழ்வதைக் குறைத்துக் காட்டும். துப்பாக்கித் தொலைநோக்கியின் குறியைப் போதாமல் உயர்த்துவோம். சன்னம் இலக்குக்குக் கீழே விழும்.

உறுப்புச் சொற்கள் இரண்டு. எடையை (பவுண்டில்) விட்டத்தின் (அங்குலத்தில்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது 'குறுக்குச் செறிவு': அந்த .243 சன்னத்துக்கு 0.242, 6.5-க்கு 0.293. அதை 'வடிவக் காரணி'யால் வகுத்தால் வேகக்காப்புக் கெழு. வடிவக் காரணி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

சன்னத்தைச் சுழலவைக்கத் துப்பாக்கிக் குழலுக்குள் வெட்டிய வரிப்பள்ளம் எவ்வளவு நீளத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது என்பதே 'ட்விஸ்ட் ரேட்'. அதற்கு வந்திருக்கும் 'முறுக்கு வீதம்' மட்டும் உறுத்துகிறது. 1:8 என்றால் 8 அங்குலத்தில் ஒரு சுற்று. 1:12-ஐவிட இறுக்கமான முறுக்கு. வீதம் என்றால் 12-தான் கூடுதல் என்று தோன்றும். இதில் குழம்பினால் வாங்கும் சன்னமே தவறிவிடும். வேகக்காப்புக் கெழு கூடக்கூடச் சன்னம் நீளும். நீண்ட சன்னத்துக்கு இறுக்கமான முறுக்கு இல்லையென்றால் தள்ளாடி, பக்கவாட்டில் இலக்கைக் கிழிக்கும். 1955-இல் .243 வின்செஸ்டர் 10 அங்குல முறுக்கோடும், .244 ரெமிங்டன் 12 அங்குல முறுக்கோடும் வந்தன. பின்னதில் 100 கிரெய்ன் கூர்முனைச் சன்னங்கள் நிலைகொள்ளவில்லை என்ற குறை எழுந்தது. 1963-இல் 9 அங்குல முறுக்கும் 6 மி.மீ. ரெமிங்டன் என்ற புதுப்பெயரும் கொடுத்தார்கள். .243-இன் வழக்கமான 10 அங்குலமும் 103 கிரெய்ன் நெடுஞ்சன்னத்துக்குப் போதாது, 8 வேண்டும்.

ஆகவே 'முறுக்கு நீளம்' என்று வைப்போம். '8 அங்குல முறுக்கு நீளம்' என்றால் எண் குறையக் குறைய முறுக்கு இறுகுவது படிக்கும்போதே தெரியும். மறுப்பு இருந்தால் இழையிலேயே எழுதுங்கள். இல்லையேல் இரண்டு சொற்களையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.